கேள்வி – பதில்: கேல், ஜி, மீட்டர்

கேள்வி: 2011 மார்ச் 11 அன்று ஜப்பானில் ஏற்பட்ட நிலநடுக்கத்தின்போது, மியாகி மாகாணத்திலுள்ள சுகிடாத்தே நிலையத்தில் 2,933 கேல் முடுக்கம் பதிவானதாகப் படித்தேன். பள்ளியில் மீ/வி² என்று கற்றோம். பொறியாளர்களோ ‘ஜி’ என்கிறார்கள். இவற்றை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு எவ்வாறு மாற்றுவது?

பதில்: கலிலியோவின் பெயரால் அமைந்த அலகு கேல். ஒவ்வொரு வினாடியிலும் ஒரு பொருளின் திசைவேகம் வினாடிக்கு ஒரு சென்டிமீட்டர் வீதம் மாறினால், அதன் முடுக்கம் ஒரு கேல். ஆகவே 100 கேல் என்பது 1 மீ/வி². நீங்கள் படித்த 2,933 கேல், 29.33 மீ/வி² ஆகும். புவியீர்ப்பு முடுக்கத்தின் நிலையான மதிப்பான 9.80665 மீ/வி² தான் ஒரு ஜி; ஆகவே 29.33 ஐ 9.80665 ஆல் வகுத்தால் ஏறத்தாழ 2.99 ஜி கிடைக்கும். மூன்று திசைகளின் அதிர்வையும் இணைத்துக் கணக்கிட்ட உச்ச மதிப்பு இது; ஒரு கணமே நீடிப்பது என்பதால், இதை மட்டும் வைத்துக் கட்டடச் சேதத்தை அளவிட முடியாது.

அந்த 9.80665 என்ற எண்ணைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நிலநடுக்கோட்டில் சுமார் 9.780 மீ/வி² ஆகவும் துருவத்தில் சுமார் 9.832 மீ/வி² ஆகவும் புவியீர்ப்பு முடுக்கம் இடத்துக்கு இடம் மாறுவதால், ஒரு நிலையான மதிப்பு தேவைப்பட்டது. 1901இல் கூடிய எடைகள், அளவுகள் பொது மாநாடு இந்த எண்ணை வரையறுத்தது. எனவே அலகு மாற்றத்தில் உங்கள் ஊரின் ஈர்ப்பு மதிப்பைப் பயன்படுத்தக் கூடாது. பள்ளிக் கணக்கில் 9.8 என்று கொள்வதில் குற்றமில்லை. ஆனால் ஒரு கேலின் ஆயிரத்தில் ஒரு பங்கான மில்லிகேலில் அளக்கும் புவியியற்பியலாளருக்கு அந்த வேறுபாடு 665 மில்லிகேல். ஒரு மீட்டர் உயரத்துக்கு ஈர்ப்பு சுமார் 0.3086 மில்லிகேல் குறைவதால், இரண்டு கிலோமீட்டருக்கும் மேல் உயர்ந்து சென்றதற்கு ஒப்பான பிழை அது.

அடியில் அளப்போருக்கு 1 அடி/வி² என்பது 0.3048 மீ/வி².

பலர் தவறுவது நேரத்தை மாற்றும்போதுதான். பத்து வினாடியில் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தை எட்டும் காரின் சராசரி முடுக்கம், வினாடிக்கு ‘மணிக்கு 10 கிலோமீட்டர்’; இதில் மணி ஒருமுறையே வருவதால் 3.6 ஆல் வகுத்தால் போதும், 2.78 மீ/வி² கிடைக்கும். அதே முடுக்கம் கி.மீ./மணி² என்று தரப்பட்டிருந்தால், 3,600 இருமுறை வருவதால் 12,960 ஆல் (3,600 × 3,600 ÷ 1,000) வகுக்க வேண்டும்.