கேளுங்கள், சொல்கிறேன்: அம்மாவின் கட்டியை ஆராய்ச்சிக்குக் கொடுக்கலாமா?

(பதில் சொல்பவர் கும்பகோணத்தில் லேப் டெக்னீசியனாக இருந்து ஓய்வு பெற்றவர்.)

கேள்வி: என் அம்மாவுக்கு 62 வயது. மார்பில் கட்டி, அடுத்த வாரம் ஆபரேஷன். பரிசோதனை போக மிச்சமாகும் கட்டியையும் 5 மில்லி ரத்தத்தையும் ஆராய்ச்சிக்குத் தரச் சம்மதமா என்று ஒரு படிவம் கொடுத்திருக்கிறார்கள். அம்மா கைநாட்டு. "நாலு பேருக்கு ஆகட்டுமே" என்கிறார். அண்ணனோ, "வித்துக் காசாக்குவானுங்க, வைக்காதே" என்று தடுக்கிறார். என்ன செய்வது?
— ஒரு வாசகி, மன்னார்குடி

பதில்: சகோதரி, கைநாட்டு வைக்கப்போவது அம்மா. முடிவும் அவருடையதுதான். நீங்களும் அண்ணனும் பக்கத்தில் உட்கார்ந்து கேள்வி கேட்கலாம், அவ்வளவே.

அண்ணனின் பயத்தை நான் தள்ளிவிட மாட்டேன். 1951-ல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்தில், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரிக்கு ஹென்ரியெட்டா லாக்ஸ் என்ற பெண் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயோடு வந்தார். அவரைக் கேட்காமலே கட்டியிலிருந்து துணுக்கு எடுத்தார்கள். அந்த வருஷமே அவர் இறந்துவிட்டார். அவருடைய செல்கள் இன்றும் உலகம் முழுக்க ஆய்வுக்கூடங்களில் வளர்கின்றன. போலியோ தடுப்பூசியைச் சோதிக்கவும் உதவின. குடும்பத்துக்கு விஷயம் தெரியவே இருபது வருஷத்துக்கு மேல் ஆனது. அந்தச் செல்களை விற்ற ஒரு கம்பெனி 2023-ல்தான் அவர்களோடு சமரசத்துக்கு வந்தது. கிடைத்த பலன் பெரியதுதான். ஆனாலும் அந்த அம்மாவை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே!

இதை எனக்குப் புரியவைத்தவர் ஒரு பாட்டி. 1986-ல் கும்பகோணத்தில் யானைக்கால் நோய் இருக்கிறதா என்று பார்க்க ரத்தம் எடுக்கும் வேலை எனக்கு. அந்த நோயைத் தரும் பூச்சியின், அதாவது நூல் மாதிரியான புழுவின், குஞ்சுகள் பகலில் உடம்புக்குள்ளே பதுங்கிக்கொண்டு ராத்திரியில்தான் விரல் நுனி ரத்தத்துக்கு வரும். அதனால் பத்து மணிக்கு மேல் டார்ச் லைட்டோடு கதவைத் தட்டுவோம். தூங்குகிற பிள்ளையை எழுப்பி விரலில் குத்தினால் எந்தத் தாய்க்குத்தான் கோபம் வராது? அரசலாற்றங்கரைத் தெரு ஒன்றில், கால் தூணாக வீங்கிப்போன அந்தப் பாட்டி வாசலை மறித்துக்கொண்டு நின்றார். "போன வருஷமும் எடுத்துக்கிட்டுப் போனீங்க. அதுல என்ன இருந்துச்சுன்னு ஒருத்தராவது வந்து சொன்னீங்களா தம்பி?"

என்னிடம் பதில் இல்லை. பூச்சி இருந்தால் அந்த வீட்டுக்கு மாத்திரையோடு போவோம். இல்லாத வீட்டுக்குப் போகிற வழக்கமே எங்களிடம் கிடையாது. கால் வீங்கி முற்றிவிட்டவர்களின் ரத்தத்தில் பெரும்பாலும் குஞ்சுகள் தெரியாது. ஆக, அந்தத் தெருவிலேயே நோயை அதிகம் சுமந்தவருக்குத்தான் யாருமே போய்ப் பதில் சொல்லவில்லை. அப்புறம் நான் "ஒன்றும் இல்லை" என்ற முடிவையும் வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். அடுத்த முறை பாட்டி திண்ணையிலேயே உட்கார்ந்து விரலை நீட்டினார். "ஜனங்களுக்கு விவரம் பத்தாது, அதான் கொடுக்க மாட்டேங்கிறாங்க" என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றும் கோபம் வரும்.

சரி, அம்மா விஷயத்துக்கு வருகிறேன். எடுத்த கட்டியை, கெடாமல் காக்கும் ஃபார்மலின் திரவத்தில் ஊறவைத்து, மெழுகில் பதித்து, தலைமுடியைவிட மெல்லிசாகச் சீவிக் கண்ணாடியில் வைத்துப் பார்ப்பார்கள். நோயைக் கண்டுபிடிக்க வேண்டியது போக மீதியைத்தான் கேட்கிறார்கள். ஆராய்ச்சிக்காகக் கூடுதலாக எதையும் வெட்டி எடுக்கமாட்டார்களே என்று வாய்விட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைகள்படி, அம்மாவுக்குப் புரிகிற மொழியில் எல்லாவற்றையும் விளக்க வேண்டும். கைநாட்டு என்பதால், ஆராய்ச்சிக் குழுவைச் சேராத ஒருவர் கூடவே இருந்து சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். மறுத்தாலும் சிகிச்சையில் குறை வைக்கக் கூடாது. பிறகு மனசு மாறினால் விலகிக்கொள்ளலாம். ஆனால் அடையாளத்தை முழுக்க நீக்கிவிட்டால் எது அம்மாவுடையது என்று தேடி எடுக்க முடியாது. அதனால் பெயரை நீக்குவார்களா, குறியீட்டு எண் போட்டு வைப்பார்களா என்று முதலிலேயே கேளுங்கள். இந்த ஓர் ஆய்வுக்கு மட்டும்தானா? கம்பெனி எதற்காவது போகுமா? பரம்பரைக் கோளாறு ஏதாவது தெரிந்தால் சொல்வார்களா? கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். மார்பகப் புற்றுநோயில் சில, மரபணுக் கோளாறால் வருபவை. அந்தக் கோளாறு மகளுக்கும் வரலாம், மகனுக்கும் வரலாம். அண்ணனிடமும் இதைச் சொல்லுங்கள்.

உட்கார்ந்து பொறுமையாகப் பதில் சொல்கிறார்களா? அம்மா ஆசைப்படி கொடுக்கட்டும். என்னிடம் அப்படிக் கேட்டால் நானும் கொடுப்பேன். "நேரமில்லம்மா, வச்சுட்டுப் போங்க" என்றால் கைநாட்டு வைக்க வேண்டாம்.

கேள்வி: ஆராய்ச்சிக்கு ரத்தம் கொடுத்தால் பணம் உண்டா? நான் கூலி வேலைக்குப் போகிறவன்.
— ஒரு வாசகர், ஒரத்தநாடு

பதில்: ரத்தத்துக்கு விலை பேசக்கூடாது தம்பி. ஆனால் அவர்கள் கூப்பிட்டு நீங்கள் போனால், பஸ் செலவையும் அன்றைக்குப் போன கூலியையும் ஈடுகட்டலாம். அதற்கு நெறிமுறையில் இடம் இருக்கிறது, கூச்சப்படாமல் கேளுங்கள். ஆய்வுக்காகச் செய்யும் பரிசோதனைக்கு உங்களிடம் காசு வாங்கக் கூடாது. குறுவை அறுப்பு நாளில் வரச் சொன்னால் வேறு தேதி கேட்டு வாங்குங்கள்.