வேலைக்கும் கேமுக்கும் ஒரே மானிட்டர்: 27 இன்ச்சில் 4கே 60 ஹெர்ட்ஸா, 1440பி 165 ஹெர்ட்ஸா?

கேள்வியில் தேவையானதைத் தெளிவாகவே சொல்லிவிட்டீர்கள். பகல் முழுக்க கோடிங்கும் எக்செல்லும், ராத்திரியில் கேம், மேஜையில் ஒரு மானிட்டருக்குத்தான் இடம். 4கே (3840 x 2160 பிக்சல்), 1440பி (2560 x 1440 பிக்சல்) என்ற இந்த இரண்டில்தான் ஒன்றை எடுத்தாக வேண்டும் என்றால் 1440பி 165 ஹெர்ட்ஸ் எடுங்கள். எந்தச் சூழ்நிலையில் இந்தப் பதில் மாறும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மாறும்.

"வேலைக்கு 4கே, கேமுக்கு ஹெர்ட்ஸ்" என்று பலரும் சொல்வார்கள். எனக்கு அதில் பாதிதான் உடன்பாடு. ஹெர்ட்ஸ் என்பது திரை ஒரு நொடியில் எத்தனை முறை படத்தைப் புதுப்பிக்கிறது என்ற கணக்கு. அது கூடினால் முதலில் தெரிவது மவுஸ் பாயின்டரில். அடுத்து ஸ்க்ரோலில். நீளமான கோடிங் ஃபைலை வேகமாக உருட்டினால் 60 ஹெர்ட்ஸில் வரிகள் கலங்கிக்கொண்டு ஓடும், நிறுத்தினால்தான் படிக்க முடியும். 165இல் ஓடிக்கொண்டிருக்கும்போதே தேடுகிற ஃபங்ஷன் பெயர் கண்ணில் பட்டுவிடும். நாள் முழுக்க இதையே செய்கிற ஆளுக்கு இது சின்ன விஷயமில்லை.

கணக்கும் இதைத்தான் சொல்கிறது. 60 ஹெர்ட்ஸில் ஒரு ஃபிரேம், அதாவது ஒரு தனிப் படம், 16.7 மில்லிசெகண்டு திரையில் நிற்கும், 165இல் சுமார் 6.1, 240இல் 4.2. ஆக, 60இலிருந்து 165க்கு ஏறினால் பத்து மில்லிசெகண்டுக்கு மேல் மிச்சம். அங்கிருந்து 240க்கு ஏறினால் கிடைப்பது இரண்டுகூட இல்லை. போட்டி ஷூட்டர் கேம்களில் ரேங்க் ஏறத் துடிப்பவர்களைத் தவிர, 165க்கு மேலே உள்ள எண்களுக்காகப் பணத்தைக் கொட்ட வேண்டாம்.

இப்போது 4கே பக்கம் வருவோம். பலர் ஏமாறுவது இங்கேதான். 27 இன்ச் 4கே திரையை விண்டோஸில் 100 சதவீத ஸ்கேலிங்கில், அதாவது எழுத்தையும் ஐகானையும் பெரிதாக்காமல், வைத்தால் எழுத்து எறும்பு சைஸில் இருக்கும். அதனால் எல்லோரும் 150 சதவீதம் வைப்பார்கள். 3840ஐ 1.5ஆல் வகுத்தால் 2560. அதாவது திரையில் உங்களுக்குக் கிடைக்கும் இடம் 1440பி மானிட்டரில் கிடைப்பதேதான். எக்செல்லில் ஒரு நெடுவரிசைகூட அதிகமாகத் தெரியாது. எழுத்தின் கூர்மை மட்டும் கூடும். கூடுதல் இடம்தான் வேண்டும் என்றால் 32 இன்ச் 4கே அல்லது 34 இன்ச் அல்ட்ராவைடு (வழக்கத்தைவிட அகலமான திரை) பக்கம் போக வேண்டும். அல்ட்ராவைடில் இரண்டு ஜன்னல்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வேலை செய்வது சுகம்தான். ஆனால் சில கேம்கள் இரண்டு ஓரத்திலும் கறுப்புப் பட்டையோடுதான் ஓடும். மீட்டிங்கில் முழுத் திரையையும் ஷேர் செய்தால், எதிரே லேப்டாப்பில் பார்ப்பவர்கள் "கொஞ்சம் ஜூம் பண்ணுங்க" என்று சொல்லிக்கொண்டே இருப்பார்கள்.

கூர்மையை அளக்க ஒரு இன்ச்சுக்கு எத்தனை பிக்சல் என்று பார்க்க வேண்டும். 27 இன்ச் 1080பியில் சுமார் 82, 27 இன்ச் 1440பியில் 109, அதே அளவு 4கேயில் 163. தமிழில் அதிகம் படிப்பவர், எழுதுபவர் என்றால் இந்த எண்களைக் கட்டாயம் கவனியுங்கள். 82இல் சின்ன எழுத்தாக வைத்தால் 'கி'யா 'கீ'யா என்று மேலே உள்ள சுழியைக் கண்ணைச் சுருக்கித்தான் பார்க்க வேண்டும், மெய்யெழுத்தின் புள்ளி தலையோடு ஒட்டிக்கொள்ளும். 109இல் இந்தத் தொல்லை போய்விடுகிறது. 163இல் அச்சடித்த புத்தகம் மாதிரி இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் 82க்கும் 109க்கும் உள்ள வித்தியாசம் உறுத்துகிற அளவுக்கு 109க்கும் 163க்கும் உள்ளது என்னை உறுத்தவில்லை. 32 இன்ச் 1440பியை மட்டும் தயவுசெய்து யோசித்து வாங்குங்கள். அதில் வெறும் 92தான், 24 இன்ச் 1080பிக்கு எவ்வளவோ அவ்வளவுதான்.

அடுத்தது கிராபிக்ஸ் கார்டு. 1440பியில் சுமார் 37 லட்சம் பிக்சல், 4கேயில் 83 லட்சம். கார்டுக்கு இரண்டே கால் மடங்கு வேலை. குறைந்த பிக்சலில் வரைந்து பெரிதாக்கிக் காட்டும் டிஎல்எஸ்எஸ், எஃப்எஸ்ஆர் போன்ற அப்ஸ்கேலிங் வந்த பிறகு இது முன்போல் பயமுறுத்துவதில்லை. 4கேயில் 'குவாலிட்டி' மோடு போட்டால் கேம் உள்ளுக்குள் 1440பியில்தான் வரைகிறது, படமும் நன்றாகவே இருக்கிறது. எனவே கார்டு வலுவாக இருந்து, பட்ஜெட்டும் இடம் கொடுத்தால் 27 அல்லது 32 இன்ச் 4கே 144 ஹெர்ட்ஸ் என்று மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது. இரண்டு உலகமும் கிடைத்துவிடும். நான் வேண்டாம் என்பது 4கே 60ஐ மட்டும்தான். ஒருவேளை நீங்கள் மேக் வைத்திருந்து, கேமும் பொறுமையாக ஆடுகிற கதை வகை என்றால், அங்கே 4கே 60 எடுப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. 2018இல் வந்த மொஹாவே பதிப்பிலிருந்து மேக்கில் சப்பிக்சல் முறையில் (பிக்சலுக்குள் இருக்கும் சிவப்பு, பச்சை, நீலத் துணுக்குகளைத் தனித்தனியாகப் பயன்படுத்தி) எழுத்தை மெருகேற்றும் வசதியை எடுத்துவிட்டார்கள். அதனால் விண்டோஸில் பளிச்சென்று தெரிகிற 1440பி, மேக்கில் கொஞ்சம் மங்கலாகத் தெரியும்.

பேனல், அதாவது திரையின் தொழில்நுட்பம், ஐபிஎஸ், விஏ, ஓஎல்இடி என்று பல வகை; உங்களுக்கு ஐபிஎஸ். வழக்கமான ஐபிஎஸ்ஸின் கான்ட்ராஸ்ட் (வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள வெளிச்ச விகிதம்) 1000:1 அளவில்தான் இருக்கும், விளக்கை அணைத்துவிட்டு விளையாடினால் கறுப்பு சாம்பலாகத் தெரியும். விஏ பேனலில் 3000:1 வரை, சிலவற்றில் அதற்கு மேலும் போகும். ஆனால் இருட்டான காட்சியில் கேமராவைத் திருப்பினால் நிழல்கள் மை தடவியது போல இழுத்துக்கொண்டு வருவது பல விஏ பேனல்களில் உண்டு. டார்க் தீமில் கோடிங் செய்தால் அங்கேயும் இது தெரியும். ஓஎல்இடி? கேமுக்கு அதை அடிக்க ஆளில்லை. ஆனால் பகல் முழுக்க அதே டாஸ்க்பாரும் அதே எக்செல் ரிப்பனும் அசையாமல் நிற்கிற திரையில் பர்ன்-இன் (அசையாத படத்தின் தடம் நிரந்தரமாகப் பதிவது) பயம் நியாயமானது. போதாததற்கு, பல ஓஎல்இடி பேனல்களில் சப்பிக்சல்கள் வழக்கமான சிவப்பு, பச்சை, நீல வரிசையில் இருப்பதில்லை. விண்டோஸில் எழுத்தை மெருகேற்றும் கிளியர்டைப் அந்த வரிசையை நம்பித்தான் எழுத்தை வரைகிறது. விளைவு, எழுத்தின் ஓரத்தில் மெல்லிய வண்ணக் கசிவு. வேலை நேரம் குறைவாக இருந்தால் வேறு பதில் சொல்லியிருப்பேன்.

பெட்டியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர்களில் இரண்டை அப்படியே விட்டுவிடுங்கள். ஒன்று '1 எம்எஸ்', அதாவது பிக்சல் நிறம் மாற ஒரு மில்லிசெகண்டு. பெரும்பாலும் அது ஓவர்டிரைவை (பிக்சலை வேகமாக நிறம் மாறச் செய்யும் மானிட்டர் செட்டிங்) உச்சத்தில் வைத்து எடுத்த எண், அல்லது வேறு அளவுகோலில் அளந்தது. இன்னொன்று டிஸ்ப்ளேஹெச்டிஆர் 400, அதாவது வெளிச்சமும் இருட்டும் தூக்கலாகத் தெரியும் ஹெச்டிஆர் படத்துக்கான ஒரு தரச்சான்று. அதற்கு லோக்கல் டிம்மிங்கே (திரையின் இருண்ட பகுதியில் மட்டும் பின்விளக்கைக் குறைப்பது) கட்டாயமில்லை, ஹெச்டிஆர் என்று நம்பி ஆன் செய்தால் பல மாடல்களில் படம் வெளுத்துப்போகும்.

போர்ட்டைப் பாருங்கள். ஹெச்டிஎம்ஐ 2.0 வழியாக 1440பிக்கு 144 ஹெர்ட்ஸ், 4கேக்கு 60 ஹெர்ட்ஸ், அவ்வளவுதான். முழு 165க்கு டிஸ்ப்ளேபோர்ட் கேபிளைப் போடுங்கள். பின்னால் பிஎஸ்5 வாங்கும் எண்ணம் இருந்தாலும் பயமில்லை, 2022 செப்டம்பர் அப்டேட்டிலிருந்து அது 1440பியை ஏற்கிறது. ஆபீஸ் லேப்டாப்பும் இதே திரையில்தான் என்றால் சார்ஜும் ஏற்றுகிற யுஎஸ்பி-சி உள்ள மாடலாகத் தேடுங்கள், தினமும் காலையில் ஒரே கேபிளைச் செருகினால் போதும். உயரம் மாற்றக்கூடிய ஸ்டாண்டு இல்லையென்றால் பின்புறம் வெசா துளைகளாவது (வேறு ஸ்டாண்டையோ கையையோ மாட்டுவதற்கான திருகு துளைகள்) இருக்கட்டும்.

வாங்கி மாட்டியதும், விண்டோஸ் பல நேரம் 60 ஹெர்ட்ஸிலேயே நின்றுவிடும். டிஸ்ப்ளே செட்டிங்ஸில் அட்வான்ஸ்டு டிஸ்ப்ளேக்குள் போய் 165ஐ நீங்களேதான் தேர்ந்தெடுக்க வேண்டும். அப்படியே மானிட்டர் மெனுவில் ஓவர்டிரைவை நடு அளவில் வையுங்கள். நகரும் பொருளுக்குப் பின்னால் வெளிறிய நிழல் ஒன்று ஒட்டிக்கொண்டு வந்தால் இன்னும் ஒரு படி இறக்குங்கள்.