ஆறாம் வகுப்பு எங்கே? – கடிதம்

அன்புள்ள அண்ணா,

தாராபுரம் பக்கம் ஒரு சிற்றூரில் இருக்கிறோம். மகள் தனியார் நர்சரி பள்ளியில் ஐந்தாம் வகுப்பு முடிக்கிறாள். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டுக்காகவாவது ஆறாம் வகுப்பிலிருந்து ஊர் அரசுப் பள்ளியில் போடலாம் என்கிறேன். மனைவி மெட்ரிக் பள்ளிதான் என்கிறாள், அக்கம்பக்கத்தில் என்ன நினைப்பார்கள் என்று கவலை அவளுக்கு. நீங்கள் இரண்டிலும் படித்தவர். எது மேல்?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள தம்பிக்கு,

பத்தாவது வரை எனக்கு அரசுப் பள்ளி. அப்புறம் பிளஸ் ஒன், பிளஸ் டூ நாமக்கல் பக்கம் ஒரு விடுதிப் பள்ளி. அங்கே சேர்ந்த முதல் வாரமே கையில் பிளஸ் டூ புத்தகத்தைக் கொடுத்துவிட்டார்கள். பிளஸ் ஒன் புத்தகம் ட்ரங்க் பெட்டிக்கு அடியில் புது வாசனையோடு கிடந்தது. ஒரே பாடத்தை இரண்டு வருடம், காலையில் ஸ்லிப் டெஸ்ட், ராத்திரி ஸ்டடி, எந்த வரிக்கு எத்தனை மார்க் என்பது வரை மனப்பாடம். மார்க் வந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் கால்குலஸின் அடிப்படையெல்லாம் அந்தத் திறக்காத புத்தகத்தில்தான் இருந்தது, அதனால் பொறியியல் கல்லூரி முதல் செமஸ்டரில் எங்கள் பள்ளிக்காரர்கள் பலருக்குக் கணக்கில் அரியர். இந்தக் கூத்தை நிறுத்தத்தான் 2017-18இல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வைத்தார்கள், 2025-26இல் அதை எடுத்துவிட்டார்கள்.

இன்னொன்று, ஃப்ளெக்ஸில் போடும் 'நூறு சதவீதத் தேர்ச்சி'. ஒன்பதாவதிலேயே சுமாரான பிள்ளைகளின் அப்பாவைக் கூப்பிட்டு டிசி வாங்கிக்கொள்ளச் சொல்லிவிட்டால் நூறு ஏன் வராது? அந்தப் பிள்ளைகள் எங்கே போவார்கள், அரசுப் பள்ளிக்குத்தான். அப்புறம் அரசுப் பள்ளி ரிசல்ட் குறைவு என்று நாமே பேசுவோம்.

அதற்காக அரசுப் பள்ளி சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை. எங்களுக்கு ஒன்பதாவதில் அறிவியல் ஆசிரியர் இடம் வருடம் முழுக்கக் காலி. பெற்றோர் ஆசிரியர் கழகம் சொற்பச் சம்பளத்துக்குப் போட்ட ஒருவர் வந்தார், வேறு வேலை கிடைத்ததும் போய்விட்டார். லேப் பூட்டியே கிடந்தது. ஆனால் அதே வருடம் கணக்கு டீச்சர் பிதாகரஸ் தேற்றம் நடத்தியபோது ஒரு கொத்தனார் மகன் எழுந்து, 'எங்கப்பா மூலை பாக்கறப்ப இந்தப் பக்கம் மூணடி, அந்தப் பக்கம் நாலடி, குறுக்கே அஞ்சடி வருதான்னு பாப்பாரு டீச்சர்' என்றான். டீச்சர் எங்களை மைதானத்துக்கு இழுத்துப்போய், அவன் கையில் கயிற்றைக் கொடுத்து, கோகோ கட்டத்துக்கு மூலை போடச் சொன்னார். அன்றைக்கு அவன்தான் வாத்தியார். விடுதிப் பள்ளியில் அப்படி ஒரு பையன் என் வகுப்பில் இருக்கவே வாய்ப்பில்லை, அவன் அப்பாவால் அந்த ஃபீஸைக் கட்ட முடியாது.

புத்தகத்தைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். சமச்சீர் கல்வி 2011இல் உச்ச நீதிமன்றம் வரை போய் வந்த பிறகு மெட்ரிக்கிலும் அரசுப் பள்ளியிலும் ஒரே பாடத்திட்டம். பல அரசுப் பள்ளிகளில் ஆங்கில வழிப் பிரிவும் இருக்கிறது. இங்கிலீஷ் பேசும் கூச்சம் மெட்ரிக்கில் சீக்கிரம் போகும், அது உண்மை.

7.5 சதவீதம் 2020இல் மருத்துவத்துக்கு வந்தது, மறு வருடம் பொறியியல் போன்ற படிப்புகளுக்கும் நீட்டினார்கள். ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளி என்பது நிபந்தனை. ஆகவே எட்டாவதில் மாற்றிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். மருத்துவம் என்றால் நீட் எப்படியும் எழுதத்தான் வேண்டும். ஒதுக்கீட்டை மட்டும் நம்பிச் சேர்க்காதீர்கள், பதினொரு வயதுப் பிள்ளை என்ன ஆகப்போகிறாள் என்று யாருக்குத் தெரியும்?

எது மேல் என்று பொதுவாகக் கேட்டால் என்னிடம் பதில் இல்லை, எந்தப் பள்ளி என்று கேளுங்கள். உங்கள் ஊர்ப் பள்ளியில் கணக்குக்கும் அறிவியலுக்கும் நிரந்தர ஆசிரியர் இருந்தால் நான் அங்கேதான் சேர்ப்பேன். இல்லையென்றால் யோசிப்பேன். ஒரு வேலை நாளில் போய்த் தலைமை ஆசிரியரிடம் எந்த இடம் காலி, எவ்வளவு நாளாகக் காலி என்று கேளுங்கள், தயங்காமல் சொல்லிவிடுவார்கள். மெட்ரிக்கிலும் ஆசிரியர்கள் எத்தனை வருடமாக இருக்கிறார்கள் என்று கேளுங்கள், வருடா வருடம் ஆள் மாறினால் அங்கேயும் அதே கதைதான். அரசின் கட்டணக் குழு அந்தப் பள்ளிக்கு நிர்ணயித்த தொகைக்கும் அவர்கள் கேட்கும் தொகைக்கும் உள்ள வித்தியாசத்தையும் பாருங்கள்.

அக்கம்பக்கத்தார் ஃபீஸ் கட்டப்போவதில்லை, அதை விடுங்கள். இரண்டு இடத்துக்கும் உங்கள் மனைவியையும் கூட்டிப்போங்கள். டாய்லெட்டில் தண்ணீர் வருகிறதா, கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா என்று அவர் பார்க்கட்டும். அதில் அவர் வேண்டாம் என்றால் நானும் அவர் பக்கம்.