மூன்றாவது பாட்டை மகள் ஏன் இரண்டு தரம் போட்டாள்?

கேள்வி:

எனக்கு 51 வயது. 1992-இல் தனியாளாகக் கனடா வந்தேன். ஸ்காபரோவில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவிய காலத்தில், குசினி ரேடியோவில் கேட்டுக் கேட்டு ஆங்கில ராக் பாட்டில் விழுந்தவன். இன்றைக்கும் நண்பர்கள் ஐந்து பேர் மாதம் ஒரு சனிக்கிழமை எங்கள் வீட்டு பேஸ்மென்டில் கூடுவோம். ஒரு பழைய ஆல்பத்தை முதலிலிருந்து கடைசிவரை கேட்டு, ஆளுக்கொரு கருத்துச் சொல்லி, புள்ளி போடுவோம்.

போன மாதம் கனடியப் பாடகி அலானிஸ் மோரிசெட்டின் 'ஜாகெட் லிட்டில் பில்', 1995-இல் வந்தது. அந்தக் காலத்தில் இதை அளவுக்கு மீறிக் கொண்டாடிவிட்டார்கள் என்பது என் கருத்து. கோபத்தை விற்ற ஆல்பம். பின்னாலிருந்து செய்தவர் கிளென் பல்லார்ட் என்ற கைதேர்ந்த ஆள். 'ஐரோனிக்' (விதியின் முரண்) பாட்டில் வரும் உதாரணங்களில் பாதி அந்தச் சொல்லுக்கே பொருந்தாது. டிரம்ஸ் சத்தமும் பழசாகிவிட்டது. பத்துக்கு ஆறு போட்டேன்.

12-ஆம் வகுப்புப் படிக்கும் என் மகள் வழக்கமாகக் கீழே வரமாட்டாள். அன்று வந்து இருந்தாள். எல்லாருக்கும் முன்னால் "அப்பாவுக்கு இந்த ஆல்பம் கேட்கவே இல்லை" என்று சொல்லிவிட்டு எழும்பிப் போய்விட்டாள். (ஒரு சிநேகிதரின் மகனும் வந்திருந்தான். 97 எடுக்கிற பிள்ளை, கடைசிவரை அமைதியாகக் கேட்டான்.) இத்தனைக்கும் அன்று பின்னேரம், நண்பர்கள் வருவதற்கு முன், அவள் மூன்றாவது பாட்டை எனக்கு இரண்டு தரம் போட்டுக் காட்டினாள். நானும் அந்தக் குரல்கள் பெரும்பாலும் டெமோவில், அதாவது முதலில் மாதிரிக்காகப் பதிந்ததில், பாடியபடியே வைத்துக்கொண்டவை என்று பொறுமையாக விளக்கினேன். அதன்பின் மூன்று கிழமையாக, கேட்டதற்கு மட்டும் பதில். சராசரியும் 94-இலிருந்து 88-க்கு இறங்கிவிட்டது. மாற்றுக் கருத்தைத் தாங்கிக்கொள்ள இந்தப் பிள்ளைக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது? இப்படியான பாட்டுகள்தான் பிள்ளைகளைப் பெற்றோருக்கு எதிராகத் திருப்புகின்றனவோ என்றும் யோசிக்கிறேன்.

— ஸ்காபரோவிலிருந்து ஒரு தகப்பன்

பதில்:

தம்பி, உங்கள் கடிதத்தில் ஆல்பத்தின் பெயர் இருக்கிறது. அதைச் செய்த ஆளின் பெயர் இருக்கிறது. 'ஐரோனிக்' இருக்கிறது. மகள் இரண்டு தரம் போட்டுக் காட்டிய பாட்டின் பெயர் மட்டும் இல்லை. மூன்றாவது பாட்டு என்று இலக்கத்தைச் சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டீர்கள்.

அந்தப் பாட்டின் பெயர் 'பெர்ஃபெக்ட்'. மூன்று நிமிடம் சொச்சம்தான் வரும், கித்தாரோடு மெல்லத் தொடங்கும். அதில் பிள்ளை ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லை. தொடக்கம் முதல் கடைசிவரை பேசுவது பெற்றவர். முதலாவதாக வரவேண்டும், முகத்தில் சிரிப்பு மாறக்கூடாது, இன்னும் கொஞ்சம் முயற்சி செய் என்கிறார். உனக்காக இவ்வளவு செய்கிறேனே, சத்தம் போடாமலாவது இருக்கக்கூடாதா என்கிறார். அவனோடும் இவளோடும் ஒப்பிடுகிறார். தன்னால் ஆக முடியாததைப் பிள்ளை ஆகிக் காட்டவேண்டும் என்கிறார். முடிவுக்குச் சற்று முன்னால், எதற்கு இப்போது அழுகிறாய் என்று கேட்கிறார். அந்த இடத்தில்தான் பிள்ளை அழுகிறது என்பதே நமக்குத் தெரியவரும்.

உங்கள் மகள் இந்தப் பாட்டைத்தான் உங்களுக்குப் போட்டுக் காட்டினாள். அதுவும் நண்பர்கள் வருவதற்கு முன், நீங்கள் தனியாக இருக்கும் நேரம் பார்த்து. முதல் தரம் முடிந்தபோது உங்கள் முகத்தைப் பார்த்திருப்பாள். ஒன்றும் இல்லை. அதனால்தான் இன்னொரு தரம் போட்டாள். பாட்டு அவ்வளவு பிடித்துப்போனதால் இரண்டாம் தரம் கேட்கிறாள் என்று நினைத்தீர்களா? தன் அறையில், தன் காதுக்குள் அவள் அதை நூறு தரம் கேட்டிருக்கலாமே. உங்களை ஏன் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்கவேண்டும்? வாயால் சொல்லத் துணியாத ஒன்றைப் பாட்டைக் கொண்டு சொன்னாள். ஒருமுறை சொல்லி உங்களுக்கு விளங்கவில்லை, மறுமுறையும் சொன்னாள். நீங்கள் டெமோ விளக்கம் கொடுத்தீர்கள். அதைப் பொறுமை என்று வேறு எழுதியிருக்கிறீர்கள்.

அதன்பிறகும் அவள் கீழே வந்திருக்கிறாள். அது எனக்குப் பெரிய விஷயமாகத் தெரிகிறது. மற்றவர்களோடு சேர்ந்து கேட்கும்போதாவது அப்பாவின் காதில் விழும் என்று நம்பி வந்திருப்பாள். அங்கே நீங்கள் ஆறு போட்டீர்கள். கேட்கவே இல்லை என்று அவள் சொன்னதை மரியாதைக்குறைவு என்று எடுத்துக்கொண்டீர்கள். அன்று அந்த அறையில் நடந்ததைச் சரியாகச் சொன்னவள் அவள் ஒருத்திதான்.

சரி, உங்கள் கருத்துகளுக்கும் வருகிறேன். அவற்றில் எல்லாமே பிழை என்று சொல்லமாட்டேன். டிரம்ஸ் சத்தத்தில் 1995 அப்படியே ஒட்டிக்கொண்டிருப்பது உண்மை. 'ஐரோனிக்' பற்றிய வழக்கு முப்பது வருடமாக நடக்கிறது, உங்கள் பேஸ்மென்டில் தீரப்போவதில்லை. ஆனால் 'கோபத்தை விற்ற ஆல்பம்' என்பதை ஒப்புக்கொள்ளமாட்டேன். 'யூ ஓட்டா நோ' முதலில் வெளியானது, அதில் கோபம் கொதித்தது, பத்திரிகைகள் அந்த ஒரு பாட்டை வைத்து முழு ஆல்பத்துக்கும் பெயர் சூட்டிவிட்டன. 12 பாட்டையும் கேட்டவருக்குத் தெரியும், 'ஹெட் ஓவர் ஃபீட்' எவ்வளவு கனிவான காதல் பாட்டு என்று. 'ஃபர்கிவன்' ஒரு கத்தோலிக்கப் பிள்ளை தான் வளர்ந்த விதத்தைத் திரும்பிப் பார்ப்பது. எனக்கு இந்த ஆல்பத்தின் உயிர் 'பெர்ஃபெக்ட்'டிலும் 'மேரி ஜேன்'இலும்தான் இருக்கிறது. இரண்டிலும் கோபம் முன்னால் நிற்பதில்லை.

பல்லார்ட் விஷயத்தில் பலரும் சொல்வதையே நீங்களும் சொல்கிறீர்கள். மைக்கேல் ஜாக்சனுக்காக 'மேன் இன் த மிரர்' பாட்டைச் சேர்ந்து எழுதியவர் அவர், தொழில் தெரிந்தவர்தான். 1994-இல் லாஸ் ஏஞ்சல்ஸில், அவருடைய வீட்டு ஸ்டூடியோவில், இருபது வயது அலானிஸும் அவரும் இருந்து எழுதினார்கள். பல பாட்டுகளை எழுதிய நாளிலேயே பாடிப் பதிந்தார்கள். டெமோக் குரல்களைப் பெரும்பாலும் மாற்றவில்லை என்று நீங்கள் சொன்னது சரி. ஆனால் ஏன் மாற்றவில்லை என்று ஒரு கணம் யோசித்தீர்களா? அழகாகத் திருத்திப் பாடவைத்திருக்கலாமே. திருத்தாமல் விட்டதால்தான் அந்தக் குரலில் மூச்சு வாங்குவதும் கரகரப்பதும் கேட்கின்றன. குறையில்லாமல் இரு என்று பிள்ளையை நெருக்கும் பாட்டை, குறைகளோடு இருந்த குரலிலேயே வெளியே விட்டார்கள். நீங்கள் மகளுக்குச் சொன்ன தகவலுக்குள்ளேயே அவள் தேடியது இருந்தது. கையில் வைத்துக்கொண்டு அதைக் கொடுக்கத் தெரியாமல் இருந்துவிட்டீர்கள்.

அலானிஸ் எங்கிருந்து வந்தாள் என்பதையும் பாருங்கள். ஒட்டாவாக்காரி. பெற்றோர் ஆசிரியர்கள். பன்னிரண்டு வயதளவிலேயே தொலைக்காட்சியில் நடித்தாள். 1991-இலும் 1992-இலும் துள்ளல் பாட்டு ஆல்பங்கள் இரண்டு இதே கனடாவில் வெளியிட்டாள். சின்ன வயதிலிருந்தே மேடையில் சிரித்த முகமாக நிற்கப் பழகிய பிள்ளை. அவளுடைய வீட்டில் என்ன நடந்தது என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை, சொல்லவும் மாட்டேன். ஆனால் முகத்தில் சிரிப்பு மாறக்கூடாது என்ற வரியை அவள் கற்பனையில் எடுத்திருக்கத் தேவையில்லை. 1996 பிப்ரவரியில், 21 வயதில், ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான கிராமி அவள் கைக்கு வந்தது. உலகம் முழுக்க மூன்று கோடிக்கு மேல் விற்றது. அந்த ஆல்பத்தை வைத்து 2019-இல் பிராட்வேயில் ஒரு இசை நாடகம் போட்டபோது, கதையை ஒரு குடும்பத்துக்குள்தான் வைத்தார்கள், வெளியே எல்லாம் சரியாகத் தெரியவேண்டும் என்று தவிக்கிற ஒரு தாயை நடுவில் நிறுத்தி. அந்த ஆல்பத்துக்குள் என்ன இருக்கிறது என்று அவர்களுக்கும் தெரிந்திருக்கிறது.

பாட்டுகள் பிள்ளைகளைத் திருப்பிவிடுமோ என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த ஆல்பத்தோடு ஊர் ஊராகப் பாடித் திரிந்து களைத்துப்போன பிறகு அந்தப் பெண் என்ன செய்தாள் தெரியுமா? அம்மாவையும் உறவுப் பெண்களையும் கூட்டிக்கொண்டு இந்தியாவுக்குப் போய்ச் சில கிழமைகள் இருந்தாள். 1998-இல் வந்த அடுத்த ஆல்பத்தின் முக்கியமான பாட்டே நன்றி சொல்கிற பாட்டு. அப்படியொரு பாட்டைப் பாடிய பிள்ளை வீட்டை விட்டுப் போய்விடவில்லை. பெற்றோருக்குப் பாட்டுப் போட்டுக் காட்டுகிற பிள்ளையும் அப்படித்தான். விலகிப்போக முடிவெடுத்த பிள்ளை உங்களுக்கு எதையும் போட்டுக் காட்டாது.

இனி அந்த அடைப்புக்குறிக்கு வருவோம். சிநேகிதரின் மகன் வந்திருந்தான் என்பதோடு நிறுத்தியிருக்கலாம். அவன் எடுக்கிற புள்ளியை எதற்கு எனக்கு எழுதினீர்கள்? ஆல்பத்துக்கு ஆறு, அவனுக்கு 97, மகளுக்கு 94, பிறகு 88. இசையைப் பற்றி எழுதிய கடிதம் இது. முன்பின் தெரியாத எனக்கே இப்படி எழுதுகிற நீங்கள், சாப்பாட்டு மேசையில் எப்படிக் கதைப்பீர்கள் என்று யோசிக்க எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

பிள்ளைகளை அவர்கள் இஷ்டத்துக்கு விட்டுவிடுங்கள் என்று சொல்கிற ஆள் நான் இல்லை. பெற்றவர்கள் பட்ட பாட்டைப் பிள்ளைகள் தெரிந்துகொள்ளத்தான் வேண்டும். பதினெட்டு வயதில் தனியாக வந்து, பனிக்குள் நடந்து, அடுத்தவர் சாப்பிட்ட கோப்பை கழுவி, ஊருக்கும் காசு அனுப்பிய தலைமுறை உங்களுடையது. அதை மறக்கிற பிள்ளையை நான் மன்னிக்கமாட்டேன். வயதான காலத்தில் தாய் தகப்பனைப் பார்ப்பது பிள்ளையின் கடமை, அதில் எனக்கு விட்டுக்கொடுப்பு இல்லை. ஆனால் அந்தக் கடனை அவள் தீர்க்கவேண்டிய காலம் இன்னும் வரவில்லை. இப்போதே 12-ஆம் வகுப்புச் சராசரியில் வட்டி கேட்கத் தகப்பனுக்கு உரிமை கிடையாது. பிள்ளை அழும்போது ஏன் என்று தெரிந்துவைத்திருப்பது தகப்பனின் கடமை. அது அவளுடைய கடமைக்கு முன்னால் வருகிறது.

மாற்றுக் கருத்தைத் தாங்கிக்கொள்ள அவளுக்குச் சொல்லிக்கொடுக்கக் கேட்டீர்கள். அந்தப் பாடம் அவளுக்கு வேண்டியதில்லை, தம்பி. நீங்கள் செய்யவேண்டியதைச் சொல்கிறேன். ஆறைப் பத்தாக மாற்றிக்கொண்டு போய் நிற்காதீர்கள், அது அவளைக் குழந்தையாக நடத்துவது. இசையில் உங்கள் கருத்து உங்களோடு இருக்கட்டும். காரில் எங்காவது கூட்டிப்போகும்போது அந்தப் பாட்டை நீங்களே போடச் சொல்லிக் கேளுங்கள். பெயரைச் சொல்லிக் கேளுங்கள். முடியும்வரை வாய் திறக்கவேண்டாம். முடிந்ததும் ஒரே கேள்வி: "இதில் நான் சொன்னது எது?" அவள் சொல்வாள். உடனே சொல்லாவிட்டாலும் இரண்டு நாளில் சொல்வாள். சொல்லும்போது நடுவில் மறித்து விளக்கம் சொல்லாதீர்கள். அன்றைக்கு மட்டும் கோப்பை கழுவிய கதையை எடுக்காதீர்கள். எடுத்தால் அந்தப் பாட்டின் அடுத்த வரியை நீங்களே பாடியதாகிவிடும்.

இன்னொன்று. உங்கள் மனைவியைப் பற்றிக் கடிதத்தில் ஒரு சொல் இல்லை. 88 எப்படி வந்தது என்று அவருக்குத் தெரிந்திருக்கலாம், கேளுங்கள். ஆறு புள்ளி இறங்கியதை ஒழுங்கீனம் என்று முடிவுகட்டாமல், பிள்ளை இரவில் தூங்குகிறாளா, ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா என்று பாருங்கள். அதே ஆல்பத்தின் ஒன்பதாவது பாட்டு 'மேரி ஜேன்', மெலிந்துகொண்டே போகிற, தூக்கம் இல்லாத ஒரு சிநேகிதியிடம் அக்கறையாக விசாரிக்கிற பாட்டு. அதையும் அவள் அடிக்கடி கேட்கிறாளா என்று தெரிந்துகொள்ளுங்கள். அப்படி ஏதாவது இருந்தால் அடுத்த பரீட்சை முடியட்டும் என்று காத்திருக்கவேண்டாம். குடும்ப வைத்தியரிடம் இந்தக் கிழமையே நேரம் எடுங்கள், பள்ளிக்கூடத்தில் மாணவர் ஆலோசகரையும் சந்தியுங்கள். அவளோடு கூடப் போங்கள். அங்கே கேட்கிற கேள்விகளுக்கு அவளே பதில் சொல்லட்டும்.