யாரும் தொடவில்லை, ஆனாலும் அவுட்

ஐயா, வணக்கம். மகள் வீட்டுக்கு வந்த சில மாதங்களில் பக்கத்து வீட்டுக்காரர் உங்களை 60 வயதுக்கு மேற்பட்டவர்களின் சாப்ட்பால் (பேஸ்பால் போன்ற ஆட்டம்) அணியில் சேர்த்துவிட்டார் என்று எழுதியிருந்தீர்கள். ரன் எடுக்க ஓட்டக்காரர் வரிசையாகத் தொட்டு வர வேண்டிய இடங்களான பேஸ்களில் மூன்றாவதிலிருந்து, ஓட்டம் முடியும் ஹோம் பிளேட்டை நோக்கி முக்கால்வாசி தூரம் ஓடிவிட்டு, பந்து அங்கே நிற்கும் கேட்சரிடம் வருவதைப் பார்த்துத் திரும்பினீர்கள். ஒருவரும் தொடாமலேயே அம்பயர் அவுட் கொடுத்துவிட்டார். "புதியவன் என்பதால் ஏய்க்கிறார்களா?" என்பது உங்கள் கேள்வி.

ஏய்க்கவில்லை. ஹோம் பிளேட்டுக்குச் சற்று முன்னால் ஒரு சுண்ணாம்புக் கோடு இருந்திருக்கும். சிகாகோ பக்கம் நான் ஆடும் லீகில் அது 20 அடி தூரத்தில் இருக்கிறது. லீகுக்கு லீக் மாறும். கமிட்மெண்ட் லைன் என்பார்கள். அதைத் தாண்டிக் கால் வைத்த பிறகு திரும்பிப் போக முடியாது. திரும்பினால் அவுட்.

நாம் கிரிக்கெட்டில் ஊறியவர்கள் என்பதால் இப்படிச் சொல்கிறேன். ரன் அவுட்டில் பேட்ஸ்மேனை யாரும் தொடுவதில்லை, ஸ்டம்பைத்தான் தட்டுகிறார்கள். ஃபோர்ஸ் அவுட் அந்த ஜாதி: பந்தோடு பேஸை மிதித்தால் போதும். டேக் என்பது கபடி மாதிரி, பந்தோடு ஆளைத் தொட வேண்டும்.

எப்போது எது? பின்னால் வருகிறவனுக்கு இடம் விட்டே தீர வேண்டிய நிலை என்றால் ஃபோர்ஸ். பந்து தரையில் உருளும்படி அடித்தவர் முதல் பேஸுக்கு ஓடியாக வேண்டும். அங்கே இருந்தவர் இரண்டாவதுக்கு. அவர் தள்ள, அடுத்தவர் மூன்றாவதுக்கு. ஆகவே மூன்று பேஸிலும் ஆள் இருந்தால்தான் மூன்றாம் பேஸில் நிற்கும் உங்களுக்குக் கட்டாயம். நடுவில் ஒரு பேஸ் காலியாக இருந்தாலும் நீங்கள் அசையாமல் நிற்கலாம்.

சிக்கல் இங்கேதான் வரும். மூன்று பேஸும் நிரம்பியிருக்கிறது, ஒருவர் அவுட். பந்து முதல் பேஸைக் காக்கும் எதிரணிக்காரரிடம் உருள்கிறது. அவர் முதலில் தன் பேஸை மிதித்து அடித்தவரை அவுட் ஆக்கிவிட்டு, பிறகு ஹோமுக்கு எறிகிறார். அடித்தவர் போனதும் பின்னாலிருந்து தள்ள ஆளில்லை, உங்கள் கட்டாயமும் போயிற்று. கோட்டுக்கு இந்தப் பக்கம் இருந்தால் தாராளமாகத் திரும்பலாம். உங்களை அவுட் ஆக்கத் தொட்டாக வேண்டும். கோட்டைத் தாண்டியிருந்தால் கதை வேறு. பேஸ் நிரம்பியதோ காலியோ, கேட்சர் பந்தோடு ஹோம் பிளேட்டை மிதித்தால் முடிந்தது. எங்கள் விதிப்படி, அங்கே அவர் உங்கள் முதுகில் தட்டினாலும் அது செல்லாது.

இளைஞர்கள் ஆட்டத்தில் இந்தக் கோடு கிடையாது. எங்கள் அணியில் பாதிப் பேர் இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை விழுங்குகிறவர்கள், இருவருக்கு இடுப்பு எலும்பே மாற்று. கேட்சரும் ஓடுகிறவரும் மோதினால் ஆம்புலன்ஸ்தான். அதனால்தான் ஓடுகிறவருக்கென்று மூன்றாம் பேஸ் பக்கமாகச் சில அடி தள்ளித் தனியாக ஒரு பிளேட்டும் போட்டிருக்கிறார்கள். உண்மையான ஹோம் பிளேட் கேட்சருடையது.

இது தெரியாமல் என் முதல் ஆட்டத்தில் மூச்சிரைக்க ஓடிவந்து, ஹோம் பிளேட்டை இரண்டு காலாலும் மிதித்து, கையை வேறு உயர்த்தினேன். பந்து இன்னும் மைதானத்தின் கோடியில் கிடந்தது. அம்பயர் அவுட் என்று பெருவிரலைக் காட்டினார். எதிரணிக் கிழவர்கள் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

அடுத்த ஆட்டத்துக்குக் கால் மணி நேரம் முன்னதாகப் போய், கோடும் உங்கள் பிளேட்டும் எங்கே என்று ஒருமுறை நடந்து பாருங்கள். ஓடும்போது கேட்சரைப் பார்க்காதீர்கள், மூன்றாம் பேஸ் கோச் கத்துவதைக் கேளுங்கள். அங்கே சறுக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். எங்கள் லீகில் ஹோமில் சறுக்கினாலே அவுட். உங்கள் லீகில் அனுமதித்தாலும் வேண்டாம், ஐயா.