ஸ்வால்பார்டில் (நார்வேக்கு வடக்கே உள்ள ஆர்க்டிக் தீவுக்கூட்டம்) நிலநடுக்க அலைத் தேய்வை அளப்பது: கேளுங்கள், சொல்கிறேன்

கே: இந்த ‘க்யூ’ என்ன எண்?
ஒவ்வொரு அதிர்விலும் அலை எவ்வளவு ஆற்றலைப் பாறைக்குப் பறிகொடுக்கிறது என்பதன் தலைகீழ். க்யூ பெரிது என்றால் தேய்வு குறைவு. 5 ஹெர்ட்ஸ் அலை 30 வினாடி ஓடினால், க்யூ 300 உள்ள பாறையில் வீச்சில், அதாவது அலையின் உயரத்தில், 21 சதவீதம்தான் மிஞ்சும், 600 என்றால் 46. அலை விரிந்து பரவுவதால் மெலிவது தனிக் கணக்கு.

கே: ஸ்வால்பார்டில் நிலநடுக்கப் பதிவு நிலையங்களே குறைவு. ஒன்றை வைத்து அளக்க முடியுமா?
முடியும், நல்ல கேள்வி. எஸ் அலை (பாறையைக் குறுக்காக அசைத்துக்கொண்டு இரண்டாவதாக வரும் அலை) கடந்த பிறகும் பதிவு சட்டென்று அடங்காது. பாறைப் பிளவுகளில் மோதிச் சிதறிய அலைகள் வெகுநேரம் இழுத்துக்கொண்டே தேயும், அந்த வால்தான் கோடா. நிலநடுக்கவியலாளர்கள் ஆகி (Aki), ஷூவே (Chouet) இருவரும் 1975-ல் சொன்ன வழி இது: பதிவை அதிர்வெண் வாரியாக வடிகட்டி, வீச்சை நேரத்தால் பெருக்கி, மடக்கை எடுத்து, நேரத்துக்கு எதிரே வரையுங்கள். கோடு எவ்வளவு செங்குத்தாக இறங்குகிறதோ க்யூ அவ்வளவு சிறியது. நேரத்தை நிலநடுக்கம் பிறந்த கணத்திலிருந்து எண்ணுங்கள். எஸ் வர எடுத்த நேரத்தைப் போல் இருமடங்கு கழிந்த பிறகுதான் அளவைத் தொடங்கவேண்டும். 2008 பிப்ரவரி 21-ல் ஸ்வால்பார்டின் ஸ்டோர்ஃபியோர்டு கடற்பகுதியில் வந்த 6.1 அளவு நிலநடுக்கத்தின் பின்னதிர்வுகள் இதற்கு அருமையான தீனி. ஒன்று: கோடாவில் எத்தனை வினாடி எடுத்தீர்கள் என்று சொல்லாத க்யூ செல்லாக்காசு. நீளமாக எடுத்தால் அலை ஆழமாகவும் போய்வந்திருக்கும், க்யூ பெரும்பாலும் ஏறிவிடும்.

கே: பனி உருகினால் நிலநடுக்கம் வருமா?
மூன்றாவது முறை கேட்கிறார்கள். இன்றைய பேச்சு அதுவல்ல. ஆனால் பனியாறு வெடிக்கும் அதிர்வுகளும் பதிவில் விழும், அவற்றை முதலில் களையுங்கள்.

கே: நிலமே உறைந்து கல்லாகக் கிடக்கிறதே, அலை எப்படித் தேயும்?
உறைந்த மண் சில நூறு மீட்டர்தான். பூமியின் மேலோடு அங்கே ஏறக்குறைய 30 கிலோமீட்டர். மேல்தோலை வைத்து முழு உடம்பையும் எடை போடாதீர்கள்.

கே: அப்படியானால் ரஷ்யாவின் ஆர்க்டிக் தீவான நோவயா செம்ல்யாவில் நடந்த அணுவெடிப்புகளின் எல்ஜி அலை நார்வே வருவதற்குள் ஏன் தொலைந்தது? க்யூ குறைவு என்றுதானே அர்த்தம்?
இல்லவே இல்லை! எல்ஜி என்பது கண்ட மேலோட்டுக்குள் அடைபட்டு ஓடும் அலை. வழியில் உள்ள கிழக்கு பேரன்ட்ஸ் கடலில் ஏறத்தாழ 20 கிலோமீட்டர் வண்டல் குவிந்திருக்கிறது, அடியில் பாறை மேலோடு மெலிந்துபோயிருக்கிறது. வாய்க்காலே குறுகினால் தண்ணீர் எங்கே போகும்? பாதையே அடைபட்டதை எல்லாம் க்யூவின் தலையில் கட்டினால் பாறைக்கு இல்லாத நோய் வந்துவிடும்.

கே: நிலநடுக்க ஆபத்தைக் கணிப்பவருக்குக் காரணம் எதற்கு? கடைசியில் வந்து சேரும் வீச்சுதானே முக்கியம்.
சரி, அந்தப் பாதைக்கு மட்டும் ஒப்புக்கொள்கிறேன். அந்தப் பாதையில் கிடைத்த க்யூவை ஸ்வால்பார்டுக்குத் தூக்கிக்கொண்டு போனால் மறுபடி சண்டைக்கு வருவேன்.

கே: எனக்கு க்யூ 180 வந்திருக்கிறது, சரியா?
எத்தனை ஹெர்ட்ஸ்? எத்தனை வினாடி?