நிறவெறி, இனவாதம், நிறப் பாகுபாடு: மூன்றும் ஒன்றா?

கேள்வி: ஆங்கிலத்தில் 'கலரிசம்' என்கிறார்களே, அது எப்போது வந்த சொல்? தமிழில் 'நிறவெறி' என்று எழுதலாமா? மலையக உதாரணத்தோடு சொல்லுங்கள்.

'நிறவெறி' என்று எழுதினால் பொருள் மாறிவிடும். கலரிசத்தை இன்றைய பொருளில் நிலைநிறுத்தியவர் அமெரிக்க எழுத்தாளர் அலிஸ் வோக்கர். 1982இல் எழுதி, மறு ஆண்டு நூலாக வந்த தொகுப்பில் சேர்ந்த ஒரு கட்டுரையில், ஒரே இனத்தவரை நிறத்தை மட்டும் பார்த்து ஒதுக்குவது அல்லது உயர்த்துவது என்று வரையறுத்தார். 'ஒரே இனத்தவர்' என்பதுதான் இதில் உயிர்.

வெள்ளையர் கறுப்பரை ஒதுக்குவதற்கு ஏற்கெனவே சொற்கள் இருந்தன. அடிமைமுறையை எதிர்த்த அமெரிக்கக் கறுப்பின எழுத்தாளர் பிரெடரிக் டக்ளஸ் 1849இல் 'கலர்போபியா' (நிற வெறுப்பு) என்று எழுதினார். அமெரிக்கக் கறுப்பின அறிஞர் டு போய்ஸ் 1903இல், இரு நிறத்தாரைப் பிரிக்கும் எல்லையை 'நிறக்கோடு' என்றார். 'ரேசிசம்' (இனவாதம்) என்ற சொல் பரவலானது 1930களில், நாஜிகளைப் பற்றிய பேச்சோடு. சருமத்தின் சாயலை வைத்து ஆளைத் தரம் பிரிக்கும் சமூகத்துக்குச் சிலி நாட்டு அறிஞர் லிப்ஷூட்ஸ் 1944இல் 'பிக்மென்டோகிராசி' என்று பெயரிட்டார். வோக்கரின் சொல்லுக்கு நெருங்கிய மூத்த உறவு அதுதான்.

தமிழில் 'நிறவெறி' தென்னாபிரிக்காவின் அபார்தைட் என்ற இன ஒதுக்கல் ஆட்சியோடு ஒட்டிப்போன சொல். அங்கே 1948இல் ஆட்சிக்கு வந்த கட்சி, 1950இல் ஒவ்வொருவரையும் இனவாரியாகப் பதியச் சட்டமே போட்டது.

அதே 1948இல் இங்கே இலங்கையில் வந்த 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் யாருடைய நிறத்தையும் கேட்கவில்லை. இங்கே பிறந்தவர்கூட, குடியுரிமை பெற, தகப்பன் இங்கே பிறந்தவர் என்றோ, பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தவர்கள் என்றோ காட்ட வேண்டியிருந்தது. இந்திய வம்சாவளித் தோட்டத்து மக்களில் எத்தனை பேரிடம் அந்தப் பத்திரம் இருந்திருக்கும்? அந்தச் சட்டத்தை நிறவெறி என்று எழுதுவது பிழை, அது இனவாதம்.

ஒரே லயக் காம்பராவில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு அறையில்) பிறந்த அக்கா, தங்கச்சி. தங்கச்சி 'வெள்ளைப் பிள்ளை' என்பதால் சம்பந்தம் சுளுவாக அமைகிறது, அக்காவுக்குச் சீதனம் கூட்டிக் கேட்கிறார்கள் என்றால், அதுதான் கலரிசம். இனம், மதம், சாதி, தோட்டம் எல்லாம் ஒன்று. சாயல் மட்டும் வேறு. எந்தச் சம்பவத்தையும் இப்படி உரசிப் பார்க்கலாம். 'மலைக்குப் போனா (தேயிலை மலையில் வேலைக்குப் போனால்) கறுத்துப் போவ' என்ற பேச்சில் தொழிலைப் பற்றிய இளக்காரமும் கலந்திருக்கிறது.   

இன்னொரு பிழை, 'வர்ணம் என்றால் நிறம், ஆகவே சாதியே தோல் நிறத்தில் பிறந்தது' என்று ஒரே வரியில் முடிப்பது. வர்ணத்துக்கு நிறம் என்ற பொருள் உண்டு. அது தோலைத்தான் குறித்தது என்பதில் அறிஞரிடையே உடன்பாடு இல்லை. 'வெள்ளைதான் அழகு என்பது நம் ஆதி மரபு' என்பதும் நிற்காது. சங்கப் பாடல்களில் மாமை என்பது பெண்ணின் அழகு நிறம். கருமை என்றும் மாந்தளிர் நிறம் என்றும் உரை சொல்வார்கள். அது வெளிறிப் பசந்து போனால் பசலை, பிரிவுத் துயரின் அடையாளம்.

மொழிபெயர்க்க 'நிறப் பாகுபாடு' என்பதையே எடுப்பேன். 'நிறவாதம்' பிழையில்லை, ஆனால் ஏதோ கொள்கை போல ஒலிக்கிறது. பெண் பார்க்க வந்தவர்கள் தேத்தண்ணி குடித்தபடி 'பிள்ளை கொஞ்சம் நிறம் குறைவு' என்று சொல்லிப் போவதில் கொள்கையும் இல்லை, வெறியும் இல்லை.